மெம்பரம்மாவின் நாற்காலி

பி.ஏ. கடைசி வருஷம் எங்கள் அரசியல் அறிவியல் துறையில் ஆளுக்கோர் ஆய்வேடு எழுதித் தரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி. தேனி அப்போது தனி ஜில்லா இல்லை, கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் மதுரை ஜில்லாவுக்குள்தான் கிடந்தது. வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். பையன்கள் ஐ.நா. சபை, அணிசேராக் கொள்கை என்று வாய் நிறையத் தலைப்பு வாங்கிக்கொண்டு போனார்கள். நான் 'கிராமப் பஞ்சாயத்தில் பெண் உறுப்பினர்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுல எழுத என்னம்மா இருக்கு?" என்றார். "ஒண்ணும் இல்லங்கிறதைத்தான் சார் எழுதப்போறேன்" என்றேன். எனக்கு அந்த வயசில் நாக்கு கொஞ்சம் நீளம். இப்போது குறைந்திருக்கிறதா என்பதை என் வீட்டுக்காரரைத்தான் கேட்கவேண்டும்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பஞ்சாயத்துத் தேர்தலில் பெண்கள் நிற்பதே அபூர்வம். ஆனால் ஒரு பெண்கூட ஜெயித்து வரவில்லையென்றால், யாராவது ஒருத்தியை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று விதி இருந்தது. அதனால் ஊருக்கு ஒருத்தி இருந்தாள். கொஞ்சம் வசதியான வீடாகப் பார்ப்பார்கள், புருஷனிடம் சம்மதம் கேட்பார்கள், அவள் பேரைப் போட்டுக்கொள்வார்கள். அப்புறம் மாசாமாசம் கூட்டத்துக்குப் புருஷன் போவார். கிளார்க் நோட்டை வீட்டுக்குக் கொண்டுவருவார், அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். ஊர் அந்தப் புருஷனைத்தான் மெம்பர் என்று கூப்பிடும்.

எங்கள் ஊரில் அப்படிக் கையெழுத்துப் போட்டவள் என் அம்மா. மெம்பர் என்று பேர் வாங்கியவர் என் அப்பா. வாய்க்காலில் துணி துவைக்கப் போனால் மட்டும் பெண்கள் கேலியாக, "மெம்பரம்மா வர்றாக, வழி விடுங்கடி" என்று சிரிப்பார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

இந்தக் கூத்தைச் சின்னதிலிருந்து பார்த்துப் பார்த்து எரிச்சல்பட்டதால்தான் அந்தத் தலைப்பே எனக்குத் தோன்றியது. ஆனால் பேராசிரியர் முதல் நாளே ஒரு கட்டளை போட்டுவிட்டார். சொந்த வீட்டு ஆளை ஆய்வில் சேர்க்கக்கூடாது, நடுநிலை கெட்டுப்போகும் என்றார். அம்மாவை விட்டுவிட்டு மற்ற ஊர் மெம்பரம்மாக்களைத் தேடிப் போக ஆரம்பித்தேன்.

தேடிப் போனேன் என்றால் தனியாகவா விடுவார்கள்? வயசுப் பெண்ணைத் தன்னந்தனியாக ஊர் ஊராகப் பஸ்ஸில் அனுப்ப அப்பாவுக்கு மனசில்லை. அவரே துணைக்கு வந்தார். சலவைச் சட்டை, தோளில் துண்டு, கையில் குடை. கெங்குவார்பட்டிப் பக்கம் ஒரு வீடு. மெம்பரம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். நான் கேள்வித்தாளை விரித்து, "கூட்டத்துல நீங்க என்ன பேசியிருக்கீங்கக்கா?" என்று கேட்டேன். அவள் வாய் திறக்குமுன் புருஷன் முந்திக்கொண்டார்.

"அவளுக்கு என்னத்தா தெரியும், நாந்தேன் பேசுவேன். நீ என்னையக் கேளு."

"எங்க வீட்லயும் அப்படித்தேன்" என்று என் அப்பா தலையை ஆட்டினார்.

இரண்டு பேரும் அதோடு தென்னைக்கு வந்த வண்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி உள்ளே போய்விட்டாள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். பஸ் ஸ்டாப்பில் வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "அடுத்த வீட்ல நீங்க வெளிய நிக்கணும். அப்பத்தான் நான் வருவேன்" என்றேன். "ஏத்தா, என்னைய வெயில்ல நிறுத்தித்தான் நீ பட்டம் வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டுக் குடையை விரித்து என் தலைக்குப் பிடித்தார். அவர் அப்படிப்பட்டவர்தான். மனுஷன் கெட்டவராக இருந்திருந்தால் என் ஆய்வேடு சுலபமாகப் போயிருக்கும்.

போன வீட்டிலெல்லாம் இதே கதை. ஒரே ஒருத்திதான் தனியாகக் கிடைத்தாள். லோயர் கேம்ப் போகிற வழியில் ஒரு கிராமம், புருஷன் வேலைக்குப் போயிருந்தார், அப்பாவும் டீக்கடையில் நின்றுவிட்டார். கூட்டத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கூட்டத்துல பக்கோடா குடுப்பாக. மிச்சம் இருந்தா அவுக பொட்டலம் கட்டிக் கொண்டாருவாக. பொட்டலம் வந்தா, ஓகோ, இன்னைக்குக் கூட்டம் போலன்னு தெரிஞ்சுக்குவேன்."

எழுதிக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்கும் அந்தப் பொட்டலம் மாசாமாசம் வரும். அப்பா வந்ததும் அதை அம்மா கையில் கொடுப்பார். "என்ன பேசுனாக?" என்று அம்மா கேட்பாள். "ஒண்ணுமில்ல" என்பார் அப்பா. நானும் தம்பியும் பக்கோடாவுக்கு அடித்துக்கொள்வோம். எனக்கு அந்த வாசனை ரொம்பப் பிடிக்கும், அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆய்வேட்டில் பாதி எழுதியிருந்த சமயத்தில்தான் எங்கள் ஊரிலேயே விவகாரம் வெடித்தது.

ஊருக்குக் கிழக்கே, வாய்க்காலைத் தாண்டி, புறம்போக்கில் ஒரு சீமைக்கருவேலங்காடு இருந்தது. விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பிறகும் ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒதுங்குகிற இடம் அதுதான். கக்கூஸ் உள்ள வீடு ஊரில் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம், எங்கள் வீடு அதில் சேர்த்தி இல்லை. "செத்தப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுச் சேர்ந்து போவோம், சேர்ந்து வருவோம். ஆம்பளைகள் அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டார்கள். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதும் கிடையாது. அவர்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும். தெரிந்த விஷயத்தை நினைக்காமலே இருக்கப் பழகியிருந்தார்கள்.

ஒருநாள் காலையில் தண்டோராப் போட்டார்கள். கிழக்குப் புறம்போக்கில் நிற்கிற கருவேல மரங்களை வருகிற பஞ்சாயத்துக் கூட்டம் முடிந்ததும் ஏலம் விடப்போகிறார்கள், கரிமூட்டம் போடுகிற வியாபாரிகள் வரலாம் என்று.

மத்தியானம் எங்கள் கொல்லைவாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அத்தைக்கு வாய் கத்தி. "ஏன் மெம்பரம்மா, நீயும் காலையில எங்ககூடத்தான வர்ற? நாளைக்கு வெட்டவெளியில போயி உக்காருவியா?" என்றாள்.

"ஆத்தா சத்தியமா எனக்குத் தெரியாது மதினி" என்றாள் அம்மா.

"தெரியாதா? அப்ப மெம்பர் யாரு, நானா?"

யாரும் சிரிக்கவில்லை. அம்மா முகத்தில் ஈயாடவில்லை. அவர்கள் போனபிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டு அழுதாள். அம்மா சுலபத்தில் அழுகிறவள் இல்லை.

சாயங்காலம் அப்பா வந்ததும் கேட்டாள், "கருவேலங்காட்டைப் பத்திக் கூட்டத்துல பேசுனீங்களா?"

"போன மாசமே பேசியாச்சு. நீ கையெழுத்துக்கூடப் போட்டியே. வெறும் முள்ளுக் காடு, பாம்புதான் அடையுது. வர்ற காசுல தெருவிளக்குப் போடலாம்னாக, சரின்னுட்டேன்."

"அப்படியா" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

நான் தையாத் தக்காவென்று குதித்தேன். உங்களுக்கு ஈரமிருக்கா, அறிவிருக்கா என்று அப்பாவை என்னென்னமோ கேட்டேன். ஆனால் அந்தக் காடு எதற்கு என்பதை மட்டும் என்னாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அரசியல் படிக்கிறேன், பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன், பெற்ற தகப்பனிடம் அந்த ஒரு வார்த்தை வாயில் வரமாட்டேன் என்கிறது. அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"நான் அந்த ஆபீசுக்குள்ள போனா ஏதும் சொல்லுவாகளாத்தா? சட்டத்துல என்ன போட்டிருக்கு?"

"நீதாம்மா மெம்பர். நீ போகலாம். அப்பாதான் போகக்கூடாது."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அவுகதான் போகக்கூடாதா?" என்று திரும்பவும் கேட்டாள். இவ்வளவு நாளாக இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்கிற மாதிரி இருந்தது அந்தக் கேள்வி.

கூட்டத்தைப் பார்க்க நான் ஏற்கெனவே பஞ்சாயத்துத் தலைவரிடம் அனுமதி வாங்கி வைத்திருந்தேன். அவருக்கு அதில் பெருமை. "நம்ம ஊரைப் பத்திப் புத்தகம் எழுதுது பிள்ளை" என்று சொல்லி எனக்கு ஒரு ஸ்டூல் போடச் சொன்னார். அம்மாவுக்குரிய நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். கிளார்க் ஓரமாக மேஜையில் எழுதிக்கொண்டிருந்தார். கருவேல மரம் என்று அவர் வாசித்த நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. அம்மா. கல்யாண வீட்டுக்குப் போகிற சேலையைக் கட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் ரோட்டில் பக்கத்து வீட்டு அத்தையும் இன்னும் சில பெண்களும் நின்றார்கள்.

"வா தங்கச்சி, வீட்ல ஏதும் அவசரமா?" என்றார் தலைவர். அப்பா பதறி எழுந்துவிட்டார்.

"அவசரம் ஒண்ணுமில்லண்ணே. கூட்டத்துக்கு வந்தேன்" என்றாள் அம்மா.

அப்பா எழுந்த இடம் காலியாக இருந்தது. அவள் போய் அதில் உட்கார்ந்தாள். அப்பாவுக்கு உட்காருவதா, போவதா என்று தெரியவில்லை. வேறு நாற்காலி கிடையாது. நான் என் ஸ்டூலைக் காட்டினேன். அதில் உட்கார அவருக்கு மனசு வரவில்லை, வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"மரத்தை வெட்டக்கூடாதுண்ணே" என்றாள் அம்மா.

"ஏன் தங்கச்சி? முள்ளு மரந்தான?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. அண்ணன் முறை உள்ளவர் முன்னால், மச்சான், கொழுந்தன் முறையெல்லாம் உட்கார்ந்திருக்க, ஒரு பொம்பளை இதை எப்படிச் சொல்வாள்? திரும்பி வீட்டுக்குப் போய்விடுவாளோ என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்தாள்.

"நாங்க எல்லாரும் அங்கனதான் வெளிக்குப் போறோம். ஒங்க வீட்டு மதினியும் அங்கனதான் வர்றாக. மரத்தை வெட்டிட்டா, நாங்க எங்கன போறது? அதை மட்டும் சொல்லிட்டு ஏலத்தை விடுங்க."

ஒருத்தர் தொண்டையைச் செருமினார். இன்னொருத்தர் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். மின்விசிறிகூட இல்லாத அறையில் எல்லாரும் மேலே பார்த்தார்கள்.

கிளார்க் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதை எப்படிம்மா எழுதுறது?" என்று கேட்டார், பாவம்.

"என் மகளைக் கேளுங்க. அவதான் எழுதுறவ."

நான் மிடுக்காக, "பெண்கள் பயன்படுத்தும் இடம்னு போடுங்க சார்" என்றேன்.

"என்னத்துக்குப் பயன்படுத்துறோம்னு இல்லையே?" என்றாள் அம்மா. "நாளைக்கு வேற தலைவர் வருவாக, பொம்பளைக வெறகு பொறுக்குற எடம்னு நெனச்சுக்கிடுவாக. உள்ளதை எழுதச் சொல்லு."

உள்ளதை எழுதினார்கள். ஏலத்தை ஒத்திவைத்தார்கள். அம்மா வெளியே வந்ததும் அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தாடி, எப்படிடி சொன்ன!" என்றாள். அம்மா பொட்டலம் வாங்க மறந்துவிட்டாள்.

நான் பேராசிரியரிடம் போய் நின்றேன். "சார், நான் பார்த்த கூட்டத்துல பேசின ஒரே பெண் எங்கம்மா. அவங்களை விட்டுட்டு எழுதினா அதுதான் நடுநிலை கெட்ட எழுத்து" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உறவை அடிக்குறிப்பில் சொல்லிவிட்டு எழுது, பேர் போடாதே என்றார். முன்னால் கோபம் வந்த அளவுக்கு எனக்கு அவர்மேல் அன்றைக்கு மரியாதையும் வந்தது.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். அடுத்த மாசக் கூட்டத்தன்று அறுப்பு. ஆட்களுக்குச் சோறு போகவேண்டும். "நீ அடுப்பைப் பாரு, நான் போயிட்டு வந்துர்றேன்" என்று அப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். அதற்கடுத்த மாசம் யாருக்கோ காதுகுத்து. அப்பா வந்து பொட்டலத்தைக் கொடுத்தார். "என்ன பேசுனாக?" "ஒண்ணுமில்ல." எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் ஆத்திரத்தோடு உட்கார்ந்து ஆய்வேட்டின் கடைசி வரியை எழுதினேன்.

உத்தமபாளையத்தில் டைப் அடித்து, பைண்டு செய்து, ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பாவுக்கு நிலைகொள்ளவில்லை. அட்டையைத் தடவிப் பார்த்தார். பேப்பர் வாசிக்கிற மாதிரியே முற்றத்தில் உட்கார்ந்து உரக்க வாசித்தார். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"'உறுப்பினரின் கணவர், உறுப்பினருக்குப் பதிலாகத் தொடர்ந்து கூட்டங்களில் கலந்துகொண்டு வந்தார்.' இது யாருத்தா, நானா?"

"நீங்கதாம்ப்பா."

"மெம்பருன்னாவது போட்டிருக்கலாம்ல?"

"மெம்பர் அம்மாதானப்பா."

"உறுப்பினரின் கணவர்" என்று தனக்குத்தானே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. வெயிலில் எனக்குக் குடை பிடித்த மனுஷன். எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது. ஆனால் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற எனக்குத் தோன்றவில்லை. அவர் பக்கத்தைத் திருப்பினார். காடு, ஏலம், நாற்காலி எல்லாவற்றையும் வாசித்தார். அம்மா சொன்னது வந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. கடைசி வரிக்கு வந்தார்.

"'அதன் பிறகு அவர் எந்தக் கூட்டத்திலும் கலந்துகொள்ளவில்லை.'"

அம்மாவின் கத்தி நின்றது. "அப்படியா எழுதிட்ட?" என்றாள் என்னைப் பார்த்து.

"நடந்ததைத்தானம்மா எழுதினேன்."

"ஆமா, நடந்ததுதான்" என்றாள். திரும்ப நறுக்க ஆரம்பித்தாள். அப்பா புத்தகத்தை மூடிப் பெஞ்சில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார்.

அந்த மாசக் கூட்டத்தில் காட்டு ஏலம் திரும்பவும் வருகிறது என்று கிளார்க் மூலமாகத் தெரிந்தது. அன்றைக்கு மத்தியானமே அம்மா சமையலை முடித்துவிட்டாள். அதே கல்யாணச் சேலை. அப்பா சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார், அவளைப் பார்த்தார். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம், "அந்தக் கடைசி வரியை மாத்திரு" என்றாள்.

"பைண்டு பண்ணிக் குடுத்தாச்சும்மா."

"சரி, இருந்துட்டுப் போகுது" என்று இறங்கிப் போனாள்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார், எழுந்தார், தெருவரை போனார், வந்தார். "இவ்வளவு நேரமா ஆகும்?" என்று என்னைக் கேட்டார். "ஒங்களுக்குத்தான் தெரியும்ப்பா" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

பொழுது சாய அம்மா வந்தாள். கையில் பொட்டலம். அதை அப்பாவிடம் நீட்டினாள். எண்ணெய் ஊறிய காகிதத்தை அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"என்ன பேசுனாக?"

அம்மாவும் 'ஒண்ணுமில்ல' என்று சொல்லப்போகிறாள் என்று நான் காத்து நின்றேன். சொன்னால் நியாயம்தான், சொல்லட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. அம்மா செருப்பைக் கழற்றினாள், முகத்தைத் துடைத்தாள், கட்டிலுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மொதல்ல வந்தது தெருக்குழாய்" என்று ஆரம்பித்தாள். யார் வந்தார்கள், யார் வரவில்லை, குழாய்க்கு யார் குறுக்கே பேசினார்கள், தலைவர் என்ன சொன்னார், கிழக்கே பாதி மரத்தை மட்டும் ஏலம் விடுவது, வாய்க்கால் கரையோரம் உள்ளதைத் தொடுவதில்லை என்று எப்படி முடிவாயிற்று, அதற்கு இவள் என்ன சொன்னாள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். மூச்சு வாங்க நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

பொட்டலத்தை இன்னும் பிரிக்காமல் மடியில் வைத்திருந்த அப்பா, "அப்புறம்?" என்றார்.